அணு ஆய்வகத்தில் டர்னரின் வேலை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பழகிய டர்னர், லேத்தில் இருந்து இறக்கிய ஜாபைச் சூட்டோடு அளக்கமாட்டார். 100 மி.மீ. எஃகு ஒரு டிகிரி சூடு ஏறினாலே ஒரு மைக்ரானுக்குச் சற்று அதிகமாக நீளும். அளவு பார்ப்பதற்கென உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. மே மாதத்துத் தகரக் கூரைக்கடியில் அது எங்கே கிடைக்கும்? ஜாப் ஆறும்வரை காத்திருப்பதும் வேலையில் சேர்த்திதான்.

ஒற்றை அணுவை நகர்த்துகிறவர்கள் இதே கவலையைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர்கள். கலிஃபோர்னியாவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் 1989இல் டான் ஐக்லரும் எர்ஹார்ட் ஷ்வைட்ஸரும் நிக்கல் பரப்பின்மேல் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி நிறுவனத்தின் பெயரை எழுதினார்கள். அங்கே குளிர் மைனஸ் 269 டிகிரி. கொஞ்சம் சூடேறினாலும் செனான் வைத்த இடத்தில் நிற்காது.

அவர்களுடைய டூல், ஊசியாகக் கூர்தீட்டிய டங்ஸ்டன் கம்பி. காஸ்டிக் சோடா கரைசலில் மின்சாரம் செலுத்தி அரித்தே அந்த முனையை எடுக்கிறார்கள். முனை பரப்பைத் தொடாது; இடைவெளியைத் தாண்டும் மின்னோட்டமே அளவு சொல்லும். மைக்ரானில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விலகினால் மின்னோட்டம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். அணுவுக்கு மேலே முனையைச் சற்று இறக்கினால் ஈர்ப்பு பிடித்துக்கொள்ளும். இழுத்துப்போய், முனையை உயர்த்தி, அணுவை அங்கேயே விடவேண்டும்.

இதே வகை முனையைக் கொண்டு 2017இல் பிரான்சின் துலூஸ் நகரில், ஒவ்வொன்றும் ஒரே மூலக்கூறான ‘கார்’களுக்குப் பந்தயமே நடந்தது. முனையால் தள்ளக்கூடாது, மின் துடிப்பால் மட்டுமே ஓட்டவேண்டும் என்பது விதி.

இதற்கெல்லாம் அடிப்படை வெற்றிடம். காற்றழுத்தத்தைப் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்காகக் குறைக்காவிட்டால், துடைத்தெடுத்த பரப்பில் வாயு மூலக்கூறுகள் படிந்துவிடும். அந்த வெற்றிடத்தைக் காப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபிளாஞ்சில் வட்டமாக ஓடும் கத்தி விளிம்பு. போல்ட்டை முறுக்கும்போது எதிரெதிரே இரண்டு விளிம்புகள் நடுவிலுள்ள செம்பு வளையத்தைக் கடித்து அடைக்கின்றன. விளிம்பின் குறுக்கே நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு விழுந்தாலும் லீக். பல கோடி ரூபாய்க் கருவி சும்மா நிற்கும்.

அந்த விளிம்பை எடுப்பது லேத் வேலை. டூல் அதிர்ந்து சாட்டர் விழாமல், டூல் முனை மழுங்காமல், பர் எனும் பிசிறு நிற்காமல் ஒரே சீராக எடுக்கவேண்டும். அம்பத்தூர், ஆவடிப் பட்டறைகளுக்கு இது எட்டாத வேலை அல்ல. டர்னர் பிரிவில் சேரும் ஐ.டி.ஐ. மாணவர்களின் கையில் அப்படியொரு ஃபிளாஞ்சைக் கொடுத்து, அது எந்தக் கருவியில் போய் உட்காருகிறது என்று ஆசிரியர்கள் சொல்லித்தர வேண்டும்.