தாத்தாவின் பலூன் துப்பாக்கி

தலைப்பைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். இது திருவிழாவில் பலூன் சுடுகிற காற்றுத் துப்பாக்கி. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வரவில்லை, கொண்டு வரவும் மாட்டேன்!

அம்மாவைப் பெற்ற தாத்தா பலூன் கடை போட்டவர். ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கிற பனிமய மாதா திருவிழா, திருச்செந்தூர் சூரசம்ஹாரம், குலசை தசரா என்று கூட்டம் எங்கேயோ அங்கே தாத்தா இருப்பாராம். நான் பிறக்கும் முன்பே அவர் போய்விட்டார். போன முழு ஆண்டு லீவில் பரண் மேல் சாக்கில் சுற்றிக் கிடந்ததை இறக்கினேன். உள்ளே ஒரு துப்பாக்கி. நம் ஊர் உப்புக்காற்று அதை விடுமா? குழல் முழுக்கத் துரு. கட்டையில் நீளமாக ஒரு வெடிப்பு.

"அதத் தொடாத. இருந்த எடத்துலயே வை" என்றார் அம்மா. அவருக்குத் துப்பாக்கி என்ற சொல்லே ஆகாது. 2018 மே மாதத்துக்கு அப்புறம் நம் ஊரில் யாருக்குத்தான் ஆகும்? மூன்று நாள் கெஞ்சினேன். கடைசியில் இரண்டு கண்டிஷன் போட்டார். காக்கா குருவி பக்கம் திருப்பக் கூடாது. சைக்கிள் கடை அண்ணாச்சி பக்கத்தில் இல்லாமல் கழற்றக் கூடாது. (லைசென்ஸ் வேண்டாமா என்று கேட்பீர்கள். 2016 ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மில்லிமீட்டருக்கும் சக்தி 20 ஜூலுக்கும் மேலே போகாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை.)

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைக்கத் துடைக்க மூன்று எழுத்து தெரிந்தது. ஐ.ஹெச்.பி. அப்படியென்றால் இந்தியன் ஹியூம் பைப் கம்பெனி. சிமெண்ட் குழாய் செய்கிற கம்பெனிதான், காற்றுத் துப்பாக்கியும் செய்திருக்கிறது! 1926-ல் அதைத் தொடங்கியவர் வால்சந்த் ஹிராசந்த். 1919-ல் சிந்தியா கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பே நம் ஊரில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிவிட்டார் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.

இனி கழற்றிய கதை. வெளிநாட்டில் பம்ப் துப்பாக்கி என்று ஒரு வகை உண்டு. கைப்பிடியைப் பல தடவை அடித்துக் காற்றைச் சேர்த்து வைத்துச் சுடுவது. நம் பலூன் துப்பாக்கி அப்படி இல்லை. குழலை ஒரு தடவை மடக்கினால் உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் பின்னால் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று ஈயக்குண்டைத் தள்ளும். அவ்வளவுதான். ஆனால் மடக்காமல் சும்மா இருக்கும்போதும் அந்த ஸ்பிரிங் பாதி அமுங்கியேதான் இருக்கும். இது எனக்குத் தெரியாது. அண்ணாச்சி வைஸைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் அவசரப்பட்டுப் பின்பக்கத்து ஆணியைத் தட்டிவிட்டேன். டங்! ஸ்பிரிங் என் காதை உரசிக்கொண்டு போய் அலமாரியில் நட்டு போல்ட் போட்டிருந்த பாட்டிலை உடைத்தது.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எலே, கண்ணு தப்பிச்சுட்டு. மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏத்திட்டு வா, பெறவு பாக்கலாம்" என்றார். அம்மாவிடம் இன்று வரை சொல்லவில்லை. இதைப் படித்தால்தான் தெரியும்.

பிஸ்டன் தலையில் இருந்த தோல் வாஷர் கருவாடு மாதிரி காய்ந்து சுருங்கிக் கிடந்தது. சைக்கிள் பம்பிலும் பம்ப் ஸ்டவ்விலும் இருக்குமே, கிண்ணம் போல, அதேதான். அது சுருங்கினால் காற்று ஓரமாகக் கசிந்துவிடும், குண்டு நாலடி போய் விழும். செருப்பு தைக்கிற தாத்தாவிடம் மாட்டுத்தோல் துண்டு வாங்கித் தண்ணீரில் ஊற வைத்து, ஒரு பைப் துண்டுக்குள் மரக்கட்டையால் அமுக்கி, நிழலில் இரண்டு நாள் வைத்தோம். அழகான கிண்ணம்! 1780 வாக்கில் ஆஸ்திரியாவின் ராணுவத்துக்கு ஜிரார்டோனி என்பவர் ஒரு காற்றுத் துப்பாக்கி செய்தார். அதில் காற்று நிரப்பக் கைப்பம்பை ஏறக்குறைய 1500 தடவை அடிக்க வேண்டுமாம். அவ்வளவு காற்றையும் அடைத்து வைத்தது தோல்தான். கட்டை வெடிப்பைத் தோணி வேலை பார்க்கிற ஒரு பெரியவர் பசையும் மரத்தூளும் வைத்து அடைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வாஷருக்கு எண்ணெய் விட வேண்டும், இரண்டு சொட்டு. நான் ஒரு மூடி விட்டேன். முதல் தடவை சுட்டதும் "டமார்" என்று சத்தம், குழலில் புகை, எண்ணெய் தீய்ந்த வாடை! அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். காற்றைச் சட்டென்று அமுக்கினால் சூடாகும், அந்தச் சூட்டில் எண்ணெய் எரிந்துவிடும் என்று இயற்பியல் சார் பிறகு விளக்கினார். நம் விசைப்படகு டீசல் எஞ்சினும் இதே கணக்குத்தானாம்.

எல்லாம் முடிந்து, கொல்லையில் மணல் மூட்டை அடுக்கி முன்னால் பத்து பலூன் கட்டினேன். பத்து குண்டும் இடது பக்கமாகப் போயின. ஒரு பலூன்கூட உடையவில்லை. அண்ணாச்சி சுட்டார், அதே இடது பக்கம். குழல் நுனியில் குறி பார்க்கிற முள்ளை உற்றுப் பார்த்தேன். கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்திருந்தது. கீழே விழுந்து சாய்ந்ததில்லை, இடுக்கி பிடித்து வளைத்த தடம் தெரிந்தது.

"எல்லா பலூன் கடையிலயும் இருக்கதுதான தம்பி" என்றார் அண்ணாச்சி மெதுவாக.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முகமே தெரியாத தாத்தாவுக்காக ரெண்டு மாசம் துரு தேய்த்திருக்கிறேன். அவர் ஊரை ஏமாற்றினாரா? இடுக்கியை எடுத்து முள்ளை நிமிர்த்தப் போனேன்.

"அத நிமித்தாத."

அம்மா பின்னால் நின்றார். துப்பாக்கியை வாங்கினார். பழகின கைபோலக் குழலை மடக்கினார், குண்டு போட்டார். பலூனைப் பார்க்காமல் அதற்கு ஒரு சாண் வலது பக்கமாகப் பிடித்தார். பட்! நடுவிலிருந்த சிவப்பு பலூன் போச்சு. அண்ணாச்சி கை தட்டினார்.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமா?"

"பத்து வயசுலருந்து அங்கதான பலூன் ஊதுனேன். வாய் புண்ணாகிரும். அந்தக் காசுலதான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சின்னப் பிள்ளையள் வந்தா, வலப்பக்கமா புடின்னு தாத்தா காதுல சொல்லுவாரு. பெரிய ஆளுவளுக்குச் சொல்ல மாட்டாரு."

அதற்கு மேல் பேசவில்லை. துப்பாக்கியை என் கையில் கொடுத்துவிட்டு, மிச்ச ஒன்பது பலூனையும் அவிழ்த்துத் தம்பியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். முள் இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது.

— 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு