நீலப் பாய் போட்ட வீடு

போடிமெட்டில் வீடு கட்டுபவர்கள் இரண்டு காற்றுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து கேரளத்து மழையையும் இழுத்துக்கொண்டு வருவது ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்து போடி சமவெளியைக் கடந்து, மலைச்சரிவில் மோதி மேலே ஏறுவது இன்னொன்று. முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு அந்தக் காற்று சுகம். செல்ஃபி எடுத்து, சூடாக ஒரு டீ குடித்துவிட்டு மூணாறு பக்கம் போய்விடுவார்கள். தகரக் கூரைக்குக் கீழே படுத்திருப்பவர்களுக்கு அதே காற்று தூக்கத்தைக் கெடுக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டு, திண்டுக்கல் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, கேரளத்தைக் கடந்து அரபிக்கடலுக்குப் போனது அது. வருகிற வழியிலேயே வலு குறைந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அன்றைக்கு வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் நிவாரணம் கொண்டுபோனவர்களிடம் சோற்றுக்கும் தண்ணீருக்கும் அடுத்து ஜனங்கள் கேட்டது தார்ப்பாய்தான். மெழுகுவர்த்தியும் கொசுவர்த்தியும் அதற்குப் பிறகுதான்.

தார்ப்பாய் என்ற சொல்லே ஒரு வேடிக்கை. கப்பல்காரர்கள் துணியில் தார் பூசிச் சரக்கை மூடியதால் ஆங்கிலத்தில் ‘டார்பாலின்’ என்று பெயர் வந்தது. அதைக் காதில் விழுந்தபடியே எடுத்துக்கொண்ட தமிழ், ஒலியும் கெடாமல் பொருளும் கெடாமல் தாரையும் பாயையும் சேர்த்துவிட்டது. இன்றைக்குக் கடையில் விற்பதில் தாரும் இல்லை, துணியும் இல்லை, எல்லாம் பாலித்தீன். ஏலமலைப் பக்கம் ‘படுதா’ என்று சொன்னால் உடனே புரியும். மண்ணைத் தோண்டி, படுதா விரித்து, மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற படுதாக் குளங்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களில் ஏராளம்.

அந்தப் படுதாவில் மிச்சம் விழுந்த ஒரு துண்டு, மெட்டுக்குக் கொஞ்சம் கீழே சரிவில் இருக்கும் ஒரு வீட்டில் விறகை மூடிக் கிடந்தது. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார். அவர் மனைவி ஏலத்தோட்டத்தில் பழம் எடுக்கப் போகிறவர். வயதான மாமியார், பத்தாவது படிக்கும் மகள், அவளுக்கு இளைய பையன். அடுத்த வீட்டில் கொழுந்தன் குடும்பம்.

கார்த்திகை மாதத்து ராத்திரி ஒன்றில், பதினொரு மணி வாக்கில், கூரையின் கிழக்கு மூலையில் ஒரு தகரம் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அது பிய்த்துக்கொண்டு போனது. பக்கத்துத் தகரமும் பாதி தூக்கிக்கொண்டது. மழை நேராகக் கட்டில்மேல் இறங்கியது.

கொழுந்தன் டார்ச்சும் கயிறுமாக ஓடி வந்தார். “மதினி, ஏணியை எடுங்க. ஒரு எட்டு ஏறிப் படுதாவைப் போட்டுட்டு இறங்கிர்றேன்.”

“வேணாம் தம்பி. விடியட்டும்.”

“ரெண்டே நிமிஷம் மதினி.”

அவர் பதில் சொல்லவில்லை. சுவரில் சாய்த்திருந்த ஏணியை எடுத்து உள்ளே கொண்டுவந்து, நீட்டவாக்கில் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மாமியாருக்குக் கோபம். “ஏத்தா, பச்சப்புள்ளைக நனைஞ்சுக்கிட்டு நிக்குதுக. அவன் ஏறுறேங்கிறான், நீ தடுக்கிறியே?”

“நனைஞ்சது காயும் அத்தை. தம்பி விழுந்தா அவரு புள்ளைகளுக்கு யாரு பதில் சொல்றது?”

அந்த நேரத்தில் அது பிடிவாதமாகத்தான் தெரிந்திருக்கும். மழையில் தகரம் சோப்புப் போட்ட தரை மாதிரி வழுக்கும். விரித்த படுதாவைக் கையில் பிடித்திருப்பவரைக் காற்று பாய்மரம் போலத் தள்ளும். விழுந்தால் போடி அரசு ஆஸ்பத்திரிக்கே அந்த 17 வளைவையும் இறங்கியாக வேண்டும். பெரிய அடி என்றால் அதையும் தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஜப்பானில் 2019 செப்டம்பரில் சிபா மாகாணத்தைப் புயல் அடித்தபோது, பிய்ந்த கூரைக்கு நீல விரிப்புப் போட ஏறி விழுந்தவர்கள் பலர். வயதானவர்கள் சிலர் உயிரையே விட்டார்கள். புயலுக்குத் தப்பிப் பிழைத்து, மறுநாள் ஏணியில் சாவது எவ்வளவு கொடுமை!

அந்த ராத்திரி அவர்கள் வீட்டுக்குள்ளேயே வேலையை முடித்துக்கொண்டார்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார்கள். காற்று வருகிற பக்கத்துக் கதவையும் சன்னலையும் சாத்தினார்கள். கூரையைத் தூக்குவது மேலே ஓடும் காற்றின் இழுப்பு மட்டும் அல்ல. திறந்த கதவு வழியே உள்ளே புகுந்த காற்றும் கீழேயிருந்து முட்டித் தள்ளும். பிறகு கூரைக் குழாய்களில் கயிறு போட்டுப் படுதாவைப் பந்தல் போல உள்பக்கமாகக் கட்டினார்கள். மூன்று மூலை உயரம், ஒரு மூலை தாழ்வு. தாழ்ந்த மூலைக்கு நேர் கீழே அண்டா. ஒழுகும் தண்ணீரெல்லாம் ஒரே இடத்தில் விழுந்தது. அண்டா நிறைய நிறைய மகளும் பையனும் மொண்டு வெளியே ஊற்றினார்கள். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், மகளின் பத்தாம் வகுப்பு நோட்டுகள் எல்லாம் பாலித்தீன் பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் போயின. அரிசி கொஞ்சம் ஈரமானாலும் பரவாயில்லை, நோட்டு நனையக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

விடிந்து, காற்று அடங்கி, தகரம் ஓரளவு காய்ந்த பிறகுதான் ஏணி வெளியே வந்தது. ஏறுவதற்கு முன்னால் மகள் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டாள். மூடிய பிறகு எடுத்தால் ஓட்டை தெரியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டவும் ஒன்றும் இருக்காது. கஜாவின்போது முழுசாக இடிந்த குடிசைக்கு 10,000 ரூபாயும், பாதி சேதத்துக்கு 4,100 ரூபாயும் அறிவித்தார்கள். முழுசா, பாதியா என்பதை முடிவு செய்வதே இந்த மாதிரிப் படங்களும் நேரில் வந்து பார்ப்பதும்தான்.

படுதா போடுவதில் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் மூடி, நாலு கல்லை வைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். மேலேயிருந்து வழிகிற தண்ணீர் படுதாவின் மேல் விளிம்புக்கு அடியில் புகுந்து, வழக்கம்போல வீட்டுக்குள் வந்து சேரும். அதனால் படுதா முகட்டைத் தாண்டி மறுபக்கம் இரண்டு மூன்று அடியாவது இறங்க வேண்டும். இரண்டு துண்டாகப் போட்டால் கீழ்த்துண்டு முதலில், அதன்மேல் மேல்துண்டு, ஓடு வேய்வது போல. விளிம்பில் இருக்கும் வளையத்தை நம்பிக் கட்டினால் முதல் காற்றிலேயே கிழியும். ஒரு ரீப்பர் கட்டையில் விளிம்பை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கட்டையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அப்போது இழுவை ஒரே இடத்தில் விழாமல் நீளம் பூராவும் பரவும்.

கல் வைப்பது ஆபத்து. உருண்டால் கீழே நிற்பவர் தலை. கொழுந்தன் உரச் சாக்கில் பாதி மண் நிரப்பி, இரண்டிரண்டாகக் கயிற்றில் கோத்து, முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகத் தொங்கவிட்டார். குரங்கணிக்கு மேலே மலைக் கிராமங்களுக்குச் சாமான் கொண்டுபோகும் பொதிக்குதிரையின் முதுகு மாதிரியே இருந்தது. நடப்பதற்குப் பலகை போட்டு, குழாய்க்கு நேர்மேலே மட்டும் மிதித்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும். பழைய ஷீட் முன்னறிவிப்பே இல்லாமல் உடையும்.

அமெரிக்காவில் பெரும் புயல் அடித்தால், ராணுவப் பொறியாளர் படையே ஆள் அனுப்பி, பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு நீல விரிப்பை இலவசமாக அடித்துத் தருகிறது. ‘நீலக் கூரை’ என்றே அந்தத் திட்டத்துக்குப் பெயர். நம் ஊரில் அதைச் செய்வது கொழுந்தன்களும் மச்சான்களும்தான். லயத்தில் குடியிருப்பவர்களுக்காவது வீட்டைப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று 1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதி வைத்தது. சொந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த எழுத்தும் இல்லை.

படுதாவில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஒழுகல் நின்றதும் அவசரமும் நின்றுவிடும். பொங்கலுக்குள் மாற்றிவிடலாம் என்று தொடங்கி, பங்குனி, சித்திரை என்று தள்ளிக்கொண்டே போகும். மலிவான நீல விரிப்பு வெயிலில் சில மாதங்களிலேயே நூல் நூலாக உதிரும். தோட்டத்துப் படுதா கனமானது, கூடுதலாகத் தாங்கும். அதனாலேயே தள்ளிப்போடுவதும் கூடுகிறது. அந்த வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. திருப்பூரிலிருந்து ஒவ்வொரு மாதமும் பணம் வந்தது. ஒவ்வொரு மாதமும் கூரையைவிட அவசரமான செலவு ஒன்றும் கூடவே வந்தது.

பத்தாம் வகுப்புப் பரீட்சை படுதாவுக்குக் கீழேயே முடிந்தது. வைகாசியில் வீட்டுக்காரர் நான்கு நாள் லீவில் வந்தார். போடியிலிருந்து புதுத் தகரம் இரண்டும், ஜே போல்ட்டும், ரப்பர் வாஷரும் ஜீப்பில் ஏறி வந்தன. பிய்ந்த இடத்தோடு நிறுத்தாமல் கூரை முழுக்கத் துருப்பிடித்த போல்ட்டுகளை மாற்ற வேண்டும் என்று மனைவி நின்றார். “அதுக்கு இன்னொரு நாள் கூலி ஆகுமே” என்றார் கணவர்.

“ஆகட்டும். இன்னொரு ராத்திரி ஏணி மேல உக்கார என்னால முடியாது.”

மண்மூட்டைகள் இறங்கின. மண் வாசலோரக் கறிவேப்பிலைக்குப் போனது. படுதாவை உதறி வெயிலில் காயவைத்து, மடித்து, விறகின்மேல் போடாமல் பரண்மேல் வைத்தார் மாமியார். கூடவே அந்தக் கயிறும்.