மூன்றாம் எழுத்தின் புள்ளி

முத்திரை சேர்ப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் அநேகர். ஐம்பதைக் கடந்த ஒருவன் சாமணமும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாக மேசை விளக்கின் கீழ்க் குனிந்திருப்பதைக் கண்டால் வீட்டாருக்கே சிரிப்பு வருகிறது. பத்திரிகைக் கந்தோரில் இத்தனை வருடங்களாகப் பிறருடைய எழுத்துப்பிழைகளைத் தேடிப் பழகிய கண்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறென்ன இருக்கிறது? (தமிழகத்து நண்பர்கள் முத்திரை என்பதை அஞ்சல்தலை என்று வாசித்துக்கொள்ளவேண்டும். எங்களுக்கு அது முத்திரைதான்.)

இந்த ஆசையைத் தொடக்கிவைத்தது கண்டாவளையிலுள்ள என் பெரியம்மாவின் பிஸ்கற் பேணி. கண்டாவளை கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தனுக்குக் கிழக்கே, ஆனையிறவுக் கடனீரேரியை அண்டிய வயலூர். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வூர்ச் சனங்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டே போனார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஏதாவதொன்று கைவிடப்பட்டது. முதலில் தளபாடங்கள், பிறகு பாத்திரங்கள், பிறகு தையல் இயந்திரம். காணி உறுதியை மாத்திரம் எவரும் இலகுவில் கைவிடவில்லை. பெரியம்மா உறுதிகளை வைத்திருந்த பேணியை உரப்பையொன்றில் சுற்றிச் செட்டிகுளத்து முகாம்வரை கொண்டுபோய், திரும்பவும் ஊருக்கே கொண்டுவந்து சேர்த்தார். உறுதிகளோடு சேர்ந்து, எவரும் நினையாமலே, சில பழைய கடித உறைகளும் உயிர்தப்பின. பெரியப்பாவின் தகப்பனாருக்கு வந்தவை அவை.

"தம்பி, இதுகள் விலை போகுமோ?" என்பதே பெரியம்மாவின் முதற்கேள்வி. புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் எவருக்கும் எழும் கேள்வியும் அதுதான். இலங்கை முத்திரைகளில் பெரும்புகழ் பெற்றது 1859இல் வெளியான நான்கு பென்ஸ் முத்திரை. மங்கிய ரோஜா நிறம், எண்கோண வடிவம், விக்ரோறியா மகாராணியின் தலை, விளிம்பில் துளைகள் கிடையா. அதைப் பற்றி வாசித்தவுடன் ஒவ்வொரு பேணியிலும் அது கிடக்குமென்று மனம் அடித்துக்கொள்கிறது. கிடப்பதில்லை. அதே முத்திரை பின்னர் துளையிட்ட விளிம்போடும் வந்தது என்பதால், துளைகளை வெட்டியகற்றி 'துளையில்லாதது' என்று விற்கும் தந்திரமும் நெடுங்காலமாக உண்டு. நாற்புறமும் தாராளமான ஓரமில்லாத எதையும் நம்பாதிருப்பது நல்லது.

வகை பிரித்தறிவதற்குரிய வழிகள் சில உண்டு. விளிம்புத் துளைகளை எண்ணுவது ஒன்று. இரண்டு சென்ரிமீற்றர் நீளத்தில் எத்தனை துளைகள் என்பதே கணக்கு. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலையோடு 1938இல் தொடங்கிய வரிசையில், இறப்பர் பால் வெட்டும் காட்சியுள்ள இரண்டு சத முத்திரை நான்கைந்து துளையளவுகளில் வந்திருக்கிறது. படம் ஒன்று, நிறம் ஒன்று, விலை ஒன்று. பத்தடி தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே முத்திரை. ஆனால் பாவிக்கப்படாத பிரதியென்றால் ஒரு துளையளவுக்கும் இன்னொன்றுக்குமிடையே பெறுமதி பன்மடங்கு வேறுபடும். மற்றொரு வழி நீர்க்குறி. முத்திரையைக் கறுப்புத் தட்டொன்றில் குப்புற வைத்துப் பார்த்தால் தாளுக்குள் உறைந்திருக்கும் நட்சத்திரமோ, முடியோடு கூடிய 'சி.சி.', 'சி.ஏ.' என்ற எழுத்துகளோ மெல்லத் தெரியவரும். நட்சத்திரம் மிகப் பழையது, 'சி.சி.' 1860களில் வந்தது, 'சி.ஏ.' அதற்கும் பிந்தியது. இவ்வளவு தெரிந்திருந்தால் விக்ரோறியா காலத்து முத்திரைகளை ஓரளவுக்கு ஒழுங்குபடுத்திவிடலாம்.

இடையில் ஒரு வார்த்தை. அதே வரிசையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் காட்சியும் உண்டு. அந்த உழைப்பை முத்திரையில் பதித்து உலகெங்கும் அனுப்பிய நாடு, 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் அந்த மக்களின் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. பிற்காலத்தில் கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் பல கண்டாவளைப் பிரிவிலுள்ள தருமபுரத்திலும் குடியேறின. அந்த முத்திரையை எடுக்கும்போது துளை எண்ணும் எண்ணமே எனக்கு வருவதில்லை.

பேணியிலிருந்த ஒரு பதிவுத்தபால் உறையே என்னை உண்மையில் இதற்குள் இழுத்துவிட்டது. வேறு சில முத்திரைகளோடு அதில் 35 சத முத்திரையொன்றும் ஒட்டப்பட்டிருந்தது. சிவப்பும் கரும்பச்சையுமாக ஸ்ரார் ஓர்க்கிட் மலர். 1952இல் வெளியானது. ஸ்ரான்லி கிபன்ஸ் விலைப்பட்டியலில் இதற்கு இரண்டு வகைகள் காட்டப்பட்டுள்ளன. வேறுபாடு துளையிலும் இல்லை, நீர்க்குறியிலும் இல்லை. தமிழ் வாசகத்தின் மூன்றாம் எழுத்தின் மேல் புள்ளி இல்லாதது முதல் வகை. புள்ளியோடு 1954இல் வந்தது இரண்டாம் வகை.

ஆங்கிலம் மட்டும் அறிந்த சேகரிப்பாளர் கண்ணாடியை வைத்துக்கொண்டு மூன்றாவது எழுத்து எதுவென்று எண்ணவேண்டும். நமக்கு அந்தச் சிரமமில்லை. 'இலங்கை' என்ற சொல்லில் மூன்றாம் எழுத்து ஙகர மெய். புள்ளி போனால் 'இலஙகை' என்றாகிவிடும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. ஓலையில் எழுதியவர்கள் ஓலை கிழியுமென்று புள்ளியைத் தவிர்த்தார்கள். அச்சுத் தகட்டில் செதுக்கியவருக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. நாட்டின் பெயரிலேயே ஒரு புள்ளி குறைந்தபடி முத்திரை இரண்டு வருடங்கள் உலகைச் சுற்றிவந்திருக்கிறது. பிறகு யாரோ கவனித்திருக்கிறார்கள், யாரோ அதை ஏற்றுக்கொண்டு திருத்தியுமிருக்கிறார்கள். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1958 முதல் அதே படங்கள் எழுத்துகள் மாற்றி வரையப்பட்டு வெளிவந்தன. அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு புள்ளிக்காகத் தகட்டைத் திருத்திய அந்த 1954ஐ நினைத்துக்கொள்கிறேன்.

பெரியம்மாவின் உறையிலிருப்பது புள்ளியில்லாத முதல் வகை. கண்ணாடியில் மாத்திரம் நம்பிக்கை வைத்து இதைச் சொல்லவில்லை. அச்சு மங்கியிருந்தாலும், திகதிக் குறியின் மை மேலே விழுந்திருந்தாலும் புள்ளி மறைந்துபோகக் கூடும். ஆனால் உறையின் பின்புறத்தில் வந்துசேர்ந்த திகதி தெளிவாக விழுந்திருக்கிறது: 1953. இரண்டாம் வகை அப்போது பிறக்கவேயில்லை. வகையைத் திகதி உறுதிப்படுத்துகிறது.

ஆகவே புதிதாகத் தொடங்குவோரிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுண்டு. பழைய உறை கையில் கிடைத்தவுடன் தண்ணீரில் ஊறவைத்து முத்திரையைக் கழற்றாதீர்கள். பல கைந்நூல்கள் முதற்பாடமாகச் சொல்லித்தருவது அதைத்தான். இலட்சக்கணக்கில் கடித உறைகள் எஞ்சியிருக்கும் நாடுகளுக்கு அது பொருந்தலாம். வன்னியில் எத்தனை வீடுகளில் 1953ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று இருக்கும்? கழற்றிய முத்திரை எந்த ஊரினதுமல்ல. உறையோடிருந்தால் அது எங்கே புறப்பட்டது, எந்த நாளில் எந்தக் கந்தோருக்கு வந்தது, யார் பெயருக்கு வந்தது என்பதெல்லாம் கூடவே இருக்கும். யாழ்ப்பாண ரயில் 1990இல் நின்றுபோய், கிளிநொச்சிக்கு 2013இலும் யாழ்ப்பாணத்துக்கு 2014இலுமே திரும்பி வந்தது. அதற்கு முந்திய காலத்தில் தபாற்பைகள் வந்திறங்கிய ஒழுங்கைச் சொல்லும் காகிதங்கள் இப்படியான உறைகள்தாம்.

விலையைப் பற்றிப் பெரியம்மாவுக்கு உள்ளபடியே சொன்னேன். புள்ளியில்லாத வகை மலிவானது, புள்ளியுள்ளதற்கே சற்று அதிகம் கொடுப்பார்கள், அதுவும் பெருந்தொகையல்ல. "அப்ப உறுதியோடையே கிடக்கட்டும்" என்று உறைகளை வாங்கிப் பேணிக்குள் வைத்து மூடிவிட்டார். என்னிடமிருப்பவை உறைகளின் படங்கள் மட்டுமே. அடுத்த முறை போகும்போது துளையளவியையும் கொண்டுபோகவேண்டும். இரண்டு சத இறப்பர் முத்திரைகள் மூன்று இன்னும் எண்ணப்படாமல் இருக்கின்றன.