ஐந்தாவது சக்கரம்

வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும் நாளில் சிறியதொரு பொருளை முன்னிட்டுப் பெரியதொரு வழக்கு எழுவதுண்டு. சென்ற ஆண்டு பொங்கலன்று எங்கள் வடலூர் வீட்டில் எழுந்த வழக்கு ஒரு மாற்றுச் சக்கரத்தைப் பற்றியது.

பெங்களூரில் பணிபுரியும் என் மகன், இருவர் மட்டுமே அமரக்கூடிய பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். தெருப் பிள்ளைகள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். என் மனைவி ஆரத்தி எடுத்தாள். நான் வண்டியைச் சுற்றி வந்து, பின்பக்கத்து டிக்கியைத் திறக்கச் சொல்லி, அதன் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தேன். சக்கரம் இருக்க வேண்டிய குழியில் ஒரு பழந்துணியும், பஞ்சர் அடைக்கும் பசைக் குப்பி ஒன்றும் கிடந்தன.

“ஸ்டெப்னி எங்கே, தம்பி?” என்றேன்.

“விற்றவரிடம் இல்லையாம், அப்பா. இக்காலத்தில் அது தேவையும் இல்லை. 2020-ஆம் ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்” என்று சிரித்தான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. அவ்வாண்டு மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது மெய். ட்யூப் இல்லாத டயர்களும், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், பஞ்சர் அடைக்கும் பெட்டியும் உள்ள கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்று ஆயிற்று. ஆனால், அவன் வண்டியில் அந்த எச்சரிக்கைக் கருவி இல்லை. அன்றியும், பசைக் குப்பி அடைப்பது தரையில் படும் பகுதியில் ஆணி குத்திய சிறு துளையைத்தான். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால், எத்தனை குப்பி ஊற்றினும் பயனில்லை.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவன் தலையசைத்தானேயொழிய மனம் வைக்கவில்லை. அன்றிரவு உணவுக்குப் பின், அவனிடம் அதுவரை முழுமையாகச் சொல்லாத ஒரு நிகழ்ச்சியைச் சொன்னேன்.

1987-ஆம் ஆண்டு அது. நான் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் இணைக்கும் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து, தந்தையாருக்கு உடல்நிலை மோசம் என்று ஒரு மாலை தந்தி வந்தது. வாடகைக்கு ஓர் அம்பாசிடர் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். சேத்தியாத்தோப்பைக் கடந்து, அணைக்கரைக்கு இன்னும் சில கல் தொலைவு இருக்கையில், பின் டயர் வெடித்தது. ஓட்டுநர் நல்ல மனிதர். பதறாமல் இறங்கி ஸ்டெப்னியை எடுத்தார். அதில் காற்று இல்லை! என்றோ ஒட்டிய பஞ்சர், பெட்டியில் கிடந்தபடியே வாய் திறந்திருந்தது. நள்ளிரவில் வயல்களுக்கு நடுவே நின்றோம். விடியும் வேளையில் ஒரு நெல் லாரி ஏற்றிச் சென்றது. நான் வீட்டை அடைந்தபோது, தந்தையார் கண்மூடி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. “பெரியவன் வந்துவிட்டானா?” என்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

மகன் ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலையில், “அப்பா, வாருங்கள், தேடுவோம்” என்று அவனே அழைத்தான்.

தேடல் என்பது எளிதாகுமென்றே நானும் எண்ணியிருந்தேன். முதலில் எங்கள் பகுதிப் பஞ்சர் கடைக்குப் போனோம். அக்கடை மேஸ்திரி சக்கரத்தைப் பார்த்துவிட்டு, “ஐந்து போல்ட்டு, இன்னோவாவின் சக்கரம் சேரும், ஐயா” என்றார். போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் இரண்டு வண்டிக்கும் 114.3 மில்லிமீட்டர்தான். அவர் சொன்னதில் பிழையில்லை. நண்பர் ஒருவரின் இன்னோவா ஸ்டெப்னியை வாங்கி மாட்டிப் பார்த்தோம். அருகில் சென்றது, உட்காரவில்லை. காரணம் நடுத் துளை. வண்டியின் ஹப் 66.1 மில்லிமீட்டர் பருமன். இன்னோவாச் சக்கரத்தின் துளையோ 60.1. ஆறு மில்லிமீட்டர் குறைவு!

“லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடலாமே!” என்றார் அங்கு நின்றிருந்த ஒருவர். நான் ஒப்பவில்லை. முப்பத்தொன்று ஆண்டுகள் பட்டறையில் நின்றவன் நான். இரும்பைக் கடைவது பெரிதன்று. கடைந்தபின் எஞ்சும் இரும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்று அறியாமல், அதன்மேல் பெற்ற பிள்ளையை ஏற்றி அனுப்புவது முறையாகுமா?

அன்று மாலை திண்ணையில் அமர்ந்து, சக்கரம் பொருந்துவதற்கு வேண்டிய அளவுகளை ஒரு தாளில் எழுதினோம். போல்ட்டுகளின் எண்ணிக்கையும் வட்டமும் முதலாவது. நடுத் துளை இரண்டாவது. சக்கரம் ஹப்பிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி அமர்கிறது என்பது மூன்றாவது. இது மாறினால் உள்ளே தட்டும், அல்லது வெளியே துருத்தும். பிரேக் காலிப்பருக்கு இடம் விடுகிறதா என்பது நான்காவது. ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பிரேக் பெரிதாகையால், பெரும்பாலும் இடிப்பது இங்கேதான். டயரோடு சேர்ந்த முழு உயரம் ஐந்தாவது.

இந்த ஐந்தாவதைக் கணக்கிடுவது பள்ளிப் பிள்ளைக்கும் எளிது. முன் டயரில் 225/50, 17 அங்குலம் என்று எழுதியிருந்தது. 225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அதில் நூற்றுக்கு 50 பங்கு பக்கச் சுவரின் உயரம், அதாவது 112.5. மேலும் கீழுமாக இருமுறை கூட்டினால் 225. 17 அங்குலம் என்பது 431.8 மில்லிமீட்டர். ஆக, உயரம் 656.8. பின் டயர் 235/50. அதன் உயரம் 666.8. இவ்விரண்டுக்கும் பொதுவாக நிற்கக்கூடிய ஒல்லியான தற்காலிகச் சக்கரம் ஒன்று உண்டு. டி145/80டி17 என்பது அதன் அளவு. கணக்கிட்டால் 663.8 வருகிறது. முன் டயருக்கு 7 மில்லிமீட்டர் கூடுதல். பின் டயருக்கு 3 குறைவு. இந்தச் சிறு வேற்றுமையும் நமக்கு வேண்டியதே. இயக்கும் சக்கரங்கள் இரண்டும் உயரத்தில் மிகவும் வேறுபட்டால், அவற்றிடையே உள்ள டிஃபரென்ஷியல் ஓயாது உழைத்துத் தேய்ந்துபோகும்.

நெய்வேலியிலும் கடலூரிலும் விசாரித்தோம். அப்படியொரு சக்கரத்தைக் கண்டவரில்லை. பின்னர்ச் சென்னைப் புதுப்பேட்டைக்குச் சென்றோம். பழைய வாகனங்களின் உறுப்புகள் மலைபோல் குவிந்திருக்கும் அவ்வீதிகளில் ஒரு முழுப் பகலும் அலைந்தோம். பிற்பகலில் ஒரு பாய், கடையின் உள்ளிருந்து நாம் தேடிய அளவிலேயே ஒன்றைக் கொணர்ந்தார். சக்கரம் பளபளத்தது, டயரில் ஒரு தேய்வில்லை. மகன் பணத்தை எடுத்துவிட்டான்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, டயரின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு டயரிலும் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். முதல் இரண்டும் வாரம். அடுத்த இரண்டும் ஆண்டு. இதில் 1409 என்றிருந்தது. 2009-ஆம் ஆண்டின் பதினான்காம் வாரம். விரலால் வளைத்துப் பார்க்க, மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன. ரப்பர் ஓடினால்தான் தேயும். ஆனால், சும்மா கிடந்தாலும் மூப்படையும். வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதை உள்ளூர அரிக்கும். பத்தாண்டு கடந்த டயரை, ஒருநாளும் ஓடாததாயினும், மாற்றிவிட வேண்டும் என்பதே டயர் செய்வோர் பொதுவாகக் கூறும் அறிவுரை.

“பெரியவருக்கு ரப்பர் தெரிகிறது” என்று பாய் சிரித்தார். சுரங்கத்து மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்தோடும் பெல்ட்டுகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இணைத்த கைகள் இவை என்றேன். அவர் எங்களை அமரச் செய்து, தேநீர் தருவித்து, பையனை வேறு இரண்டு கடைகளுக்கு அனுப்பினார். மாலை விளக்கேற்றும் நேரத்தில் மற்றொன்று வந்தது. அதில் 3219 என்றிருந்தது. நடுத் துளையைக் காலிப்பர் அளவியால் அளந்தோம், 66.1. பேரம் பேசாமலே வாங்கினோம்.

வடலூர் திரும்பியதும், வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முன்னும் பின்னும் மாட்டிப் பார்த்தோம். கையால் சுழற்றினோம். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் ஒடித்தோம். எங்கும் இடிக்கவில்லை. அதற்குரிய அழுத்தமான 60 பவுண்டு காற்றை ஏற்றினோம். சாதாரண டயருக்கு வைப்பதைப் போல ஏறக்குறைய இருமடங்கு அது. ஒல்லியான டயர் பாரத்தைத் தாங்குவது அக்காற்றின் வலிமையால்தான். “80 கிலோமீட்டருக்கு மேல் போகாதே, பஞ்சரை ஒட்டியதும் கழற்றிவிடு” என்றேன்.

அப்போதுதான் மகன் ஓர் ஐயத்தைக் கிளப்பினான். “அப்பா, ஒல்லிச் சக்கரத்தை மாட்டிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய அகலச் சக்கரம் இந்தக் குழியில் இறங்காதே! அதைப் பக்கத்து இருக்கையில்தான் வைக்க வேண்டும். உடன் வருகிறவர் எங்கே அமர்வார்?”

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். உண்மையிலேயே அதற்கு என்னிடம் விடையில்லை. கடைசியில் அடித்தட்டின்மேல் ஒரு சாக்கை விரித்து, சக்கரத்தைப் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டுவதென்று முடிவாயிற்று. பெட்டி படுக்கைகள் மடியில் வரட்டும் என்றாள் அவள்.

ஸ்டெப்னி என்ற பெயரின் வரலாறு சுவையானது. 1904-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்தில், டேவிஸ் என்னும் சகோதரர் இருவர், பஞ்சரான சக்கரத்தின்மேலேயே பொருத்திக்கொள்ளும், ஆரங்கள் இல்லாத மாற்று வளையம் ஒன்றைச் செய்தார்கள். அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அந்த வளையம் மறைந்துவிட்டது. தெருவின் பெயரோ நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில் இன்றும் வாழ்கிறது.

மூன்று மாதங்களுக்குப் பின் ஒரு ஞாயிறு இரவு, உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கல்லொன்று கிழித்து அவனுடைய பின் டயர் போயிற்று. கிழிந்தது பக்கச் சுவர்; குப்பி உதவவில்லை. ஒல்லிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு, நிதானமாக வீடு வந்து சேர்ந்தான். கதவைத் திறந்தவன் நான். இருவரும் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொள்ளவில்லை. “காற்று சரியாக இருந்தது, அப்பா” என்று மட்டும் சொன்னான்.

பெற்றோராகிய நாம் பிள்ளைகளுக்கு எத்தனையோ சேர்த்துவைக்கிறோம். சேர்த்துவைத்ததை அவ்வப்போது எடுத்துப் பார்க்கும் பழக்கத்தையும் உடன் கொடுக்கிறோமா? அணைக்கரைச் சாலையில் அன்று எங்களிடம் ஸ்டெப்னி இல்லாமலில்லை; அதைத் தொட்டுப் பார்த்தவர்தாம் இல்லை.

என் மகன் அதிகம் பேசாதவன். நான் அழைத்தால் இரண்டு சொல்லில் முடித்துவிடுவான். ஆனால், இப்போது மாதத்தின் முதல் நாள் காலையில் தொலைபேசி தவறாமல் ஒலிக்கிறது.

“அப்பா, 60 இருக்கிறது” என்கிறான்.

“நல்லது, தம்பி. சாப்பிட்டாயா?” என்கிறேன் நான்.