ரெண்டு சீட் கார்

ஸ்மார்ட் ஃபோர்ட்டூ கப்ரியோவில எனக்கு ஒரு கண். ரெண்டு கதவு, ரெண்டு சீட், நீளம் 2.7 மீற்றர்தான். 1998இல் பிரான்ஸில் உற்பத்தி தொடங்கிய ஃபோர்ட்டூவுக்கு 2000இல் துணிக்கூரை வந்தது. பட்டனை அமத்தினால் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறக்கும். மேல் பக்கச் சட்டங்களைக் கழற்றிப் பின்கதவுக்குள் வைக்கலாம். பெற்றோல், டீசல், பிறகு மின்சாரம் என்று வகைகள். வேகம் வேணுமெண்டால் பிராபஸ்.

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பார்க்கிங்குக்குப் படுகிற பாட்டுக்கு இதுதான் மருந்து எண்டு அம்மாட்ட சொன்னேன். "அப்ப அம்மம்மா எங்க இருக்கிறது?" எண்டா.

கேள்வி சரிதான். செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனை போய் அம்மம்மாவை ஏத்திக்கொண்டு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவோம். மூண்டு பேர். கிட்டத்தட்ட அதே நீளமுள்ள ஓட்டோ எங்களையும் சாரதியையும் சேத்துக் கொண்டுபோகும். அதுக்கும் துணிக்கூரைதான், மழை வந்தால் பக்கத்துப் படங்கை இறக்கிவிடலாம்.

நகரத்துக் காரில் பெரும்பாலும் ஒருத்தர், ரெண்டு பேர்தான் போறது என்ற கணக்கில் பிறந்தது ஃபோர்ட்டூ. 2024இல் அதன் உற்பத்தி நிண்டுபோச்சு. எனக்கு இன்னும் ஆசை இருக்கு. ஆனால் எங்கட ஊருக்கு ஒரு சின்னக் கார் கீறுறவர், முதலில் வீட்டில எத்தனை பேர் எண்டு கேக்கவேணும். ரெண்டு சீட் எண்டால் முதலில் இறங்கவேண்டியது அம்மம்மாதான்.