சிறை வாசலில் ஒரு பிஷப்

பர்மிங்ஹாமிலிருந்து வால்வர்ஹாம்டன் போகும் டிராமில் ஏறினால், நகைத் தொழிலாளர்களின் பழைய பேட்டையைத் தாண்டிச் சற்று நேரத்தில் வின்சன் கிரீன் வந்துவிடுகிறது. பச்சை என்பது பெயரில் மட்டும்தான். வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள், ஒரு பழைய கால்வாய், அப்புறம் 1849ல் திறக்கப்பட்ட சிறைச்சாலை. பிரிட்டிஷ்காரர்களுக்கு வின்சன் கிரீன் என்றால் ஜெயில். திஹார் என்றதும் நமக்கு ஒரு கிராமமா நினைவுக்கு வருகிறது? 1964ல் பிரபல ரயில் கொள்ளையர்களில் ஒருவர் தப்பி ஓடியது இங்கிருந்துதான்.

சுற்றுலாப் பயணிகள் இந்தப் பக்கம் வருவதில்லை. ஆனால் தமிழ்நாட்டோடு இந்த இடத்துக்கு ஒரு தொடர்பு உண்டு. சிறை வாசலுக்கு எதிரே சீர்திருத்தத் திருச்சபையினரின் ஒரு சிறிய கோயில் இருந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய உறுப்பினர்கள். இனி இழுத்து மூடிவிடலாம் என்ற நிலையில், 1980ல், 70 வயதான ஒருவர் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார். நன்றாகத் தமிழ் பேசுவார். ஆறு வருடங்களுக்கு முன்புவரை தென்னிந்தியத் திருச்சபையின் சென்னை பிஷப். பெயர் லெஸ்லி நியூபிகின்.

நியூகாஸிலில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, 1936ல் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தவர். வந்த புதிதில் ஒரு பஸ் விபத்தில் கால் முறிந்து, ஆபரேஷன் மேல் ஆபரேஷன். பிறகு காஞ்சிபுரம். 1947ல், நாடு விடுதலை பெற்ற அடுத்த மாதம், தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை-ராமநாதபுரத்தின் முதல் பிஷப் ஆனார். அப்போது வயது 37. பாவம், இரட்சிப்பு பற்றிய அவருடைய நூல் கிராம ஊழியர்களுக்காக முதலில் தமிழில் எழுதப்பட்டு, பிறகுதான் ஆங்கிலத்துக்குப் போனது. 1965லிருந்து 1974 வரை சென்னை.

ஓய்வு பெற்றதும் விமானம் ஏறவில்லை. மனைவி ஹெலனும் அவரும் இரண்டு சூட்கேஸ், ஒரு முதுகுப் பையுடன் கிடைத்த பஸ்களில் தரை மார்க்கமாகவே இங்கிலாந்துக்குக் கிளம்பினார்கள். வழியில் ஒவ்வொரு ஞாயிறும் எங்காவது ஒரு சபையைக் கண்டுபிடித்து ஆராதனையில் சேர்ந்துகொள்ள முடிந்தது, ஒரே ஓர் இடம் தவிர. அது துருக்கியின் கப்படோக்கியா. நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலின் தொட்டிலாக இருந்த பகுதி. அங்கே அந்த ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் மட்டும் உட்கார்ந்து ஜெபித்தார்கள். ஒரு மதம் தன் சொந்த வீட்டிலிருந்தே காணாமல் போக முடியும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி தேவையில்லை. பிற்காலத்தில் இங்கிலாந்தைப் பற்றிப் பேசும்போது அவருக்கு அந்த ஞாயிறு மறக்கவில்லை.

இந்தியாவிலிருந்து வந்தபிறகு எது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், இங்கே நம்பிக்கை காணாமல் போய்விட்டது என்பது. கடவுள் நம்பிக்கையைச் சொல்லவில்லை. நாளை இன்றைவிட நன்றாக இருக்கும் என்ற சாதாரண நம்பிக்கை. சென்னைக் குடிசைப் பகுதிகளில் தான் கண்ட அது பர்மிங்ஹாமில் இல்லை என்றார்.

வின்சன் கிரீனில் இந்தியப் பாதிரியார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஆசியக் குடும்பங்களில் பெரும்பாலும் உள்ளே கூப்பிட்டு, டீ கொடுத்து, கடவுளைப் பற்றித் தாராளமாகப் பேசினார்கள். வெள்ளைக்காரர்களின் கதவுகள்தான் பல சமயம் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டன. எதிர்ப்பைச் சமாளித்துவிடலாம்; இந்த அலட்சியம் இந்தியாவில் பார்த்த எதையும்விடக் கடினமானது என்று எழுதினார். ஈரோட்டுக்காரரின் மேடைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். பிள்ளையாரை உடைப்பவனுக்குப் பிள்ளையார் ஒரு விஷயம். இங்கே அதுகூட இல்லை.

இங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஹாண்ட்ஸ்வொர்த்தில் சோஹோ ஹவுஸ் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுத் தொழிலதிபர் மாத்யூ போல்டனின் வீடு, 1995லிருந்து மியூசியம். நீராவி எந்திரத்துக்கு வாழ்வு கொடுத்த ஜேம்ஸ் வாட், வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி எல்லாம் பௌர்ணமியை ஒட்டி இங்கே கூடிப் பேசினார்கள். சாப்பிட்டு முடித்து நிலா வெளிச்சத்தில் வீடு திரும்ப வசதி! பிரீஸ்ட்லி ஒரு போதகரும்கூட. ஆனால் திரித்துவத்தை ஏற்காதவர், பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தவர். 1791ல் திருச்சபையும் மன்னரும் வாழ்க என்று கத்திக்கொண்டு வந்த கும்பல் அவர் வீட்டைக் கொளுத்தியது. மதத்தைப் பொதுவாழ்விலிருந்து விலக்கி வைக்க ஐரோப்பா ஏன் முடிவு செய்தது என்பதற்குப் பர்மிங்ஹாமே பதில் வைத்திருக்கிறது.

நியூபிகினுக்கும் இது தெரியும். பழைய அரச மதத்தை மீட்க அவர் கேட்கவில்லை. அவருடைய சண்டை வேறு. ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்படுவது உண்மை, அது எல்லோருக்கும் பொது. மதம் சொல்வது அவரவர் விருப்பம், வீட்டோடு வைத்துக்கொள் என்று இந்தப் பண்பாடு கோடு கிழித்திருக்கிறது. அந்தக் கோடும் ஒரு நம்பிக்கைதானே, அதை யார் நிரூபித்தார்கள் என்பது அவர் கேள்வி. 1983ல் ஒரு சிறு நூலில் ஆரம்பித்து, 1986லும் 1989லும் பெரிய நூல்களாக விரிந்த வாதம் இது.

இந்தக் கேள்வி அவருக்குக் கிடைத்த இடம் காஞ்சிபுரம் என்பதுதான் சுவாரஸ்யம். அங்கே வாரம் ஒருநாள் மாலை ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளுடன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வாரம் சுவேதாசுவதர உபநிஷதம், ஒரு வாரம் யோவான் சுவிசேஷம் என்று படித்தார். மடத்துக் கூடத்தில் மகான்களின் படங்களோடு ஏசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அதற்குப் பூஜை. நம்மில் பலருக்கு மனம் குளிரும் காட்சி. அவருக்கோ திக்கென்றது. ஏசுவை மறுக்கவில்லை, தங்கள் உலகப் பார்வையில் ஏற்கெனவே இருந்த ஒரு மாடத்தில் வைத்துவிட்டார்கள், இனி அவரால் எந்தத் தொந்தரவும் இல்லை. அப்புறம்தான் அடுத்த அதிர்ச்சி: மேற்கத்திய சபைகளும் இதையேதான் செய்திருக்கின்றன, மாடம் மட்டும் வேறு.

ஆகவே, பகுத்தறிவின் நீதிமன்றத்தில் கிறிஸ்தவத்துக்கு வக்காலத்து வாங்கும் வழக்கமான பாணி அவருக்கு ஒத்துவரவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி.பி.சி. வானொலியில் பேசிய சி.எஸ். லூயிஸ் தர்க்கத்தால் நாத்திகரை மடக்கினார். நீதிபதியையே கேள்வி கேட்க வேண்டும் என்றார் நியூபிகின். பிறகு சாட்சி? நம்பியதை வாழ்ந்து காட்டும் ஒரு சபை. வேறு பெரிய வாதம் இல்லை என்றார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நிரூபணம் கேட்காதே, நம்பிக்கையிலிருந்து தொடங்கு என்ற உரிமை பிஷப்புக்கு உண்டென்றால் எல்லா மதத்துக்கும் உண்டு. சோஹோ ரோட்டில் நடந்தால் குருத்வாரா, புடவைக் கடை, இனிப்புக் கடை. அந்த குருத்வாராவுக்கு வருகிறவரும் அதே வார்த்தைகளைச் சொல்லலாம். அப்போது யார் தீர்ப்பது? நியூபிகின் இதைத் தவிர்க்கவில்லை. எல்லோரும் தங்கள் உண்மையைத் திறந்த வெளியில் வைக்கட்டும், கட்டாயம் கூடாது, இறுதித் தீர்ப்பு மனிதர் கையில் இல்லை என்றார். நம்புகிறவருக்கு அது போதும். எனக்குப் பாதி வழிதான் வந்த மாதிரி இருக்கிறது. ஆனால் மதச்சார்பின்மை என்றால் எல்லா மதங்களுக்கும் சம மரியாதை என்று பழகிய இந்தியர்களுக்கு, அந்தச் சொல்லே நடுநிலையானதுதானா என்று ஒருவர் கேட்பது உபயோகமான தொந்தரவு.

2021 கணக்கெடுப்பில் பர்மிங்ஹாமில் கிறிஸ்தவர்கள் 34 சதவீதம், முஸ்லிம்கள் 29.9, மதமில்லை என்றவர்கள் 24.1. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் 2001ல் 71.7 சதவீதமாக இருந்த கிறிஸ்தவர்கள் 46.2 ஆகியிருந்தார்கள். வாதத்தில் நியூபிகின் ஜெயித்தாரோ இல்லையோ, எண்ணிக்கை அவர் பக்கம் இல்லை. அவருக்கு அதில் பெரிய கவலை இருந்ததாகவும் தெரியவில்லை.

1998 ஜனவரியில் லண்டனில் இறந்தார். கடைசி வருடங்களில் பார்வை மங்கிவிட்டது. மாணவர்கள் வந்து படித்துக் காட்டினார்கள். அதற்கு முன், 1980களின் முடிவுவரை, உலகெங்கும் பல்கலைக்கழக மேடைகளுக்குக் கூப்பிடப்பட்ட அந்த மனிதர், ஞாயிறு காலையில் ஜெயில் கதவுக்கு எதிரே வந்து, இருந்த சிலருக்காகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.