கிணத்துத் தண்ணியில் ஒரு காடு

செடி வளர்க்கிற மீன்தொட்டி வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அடியில் பச்சைப் புல்தரை, நடுவில் வளைந்த ஒரு வேர்க்கட்டை, சிலிண்டரில் இருந்து ஏறி வரும் காபனீரொட்சைட்டுக் குமிழிகள். ஜப்பான்காரர் தகாஷி அமானோ (1954–2015) உலகம் முழுக்கப் பிரபலமாக்கின பாணி அது. பார்த்தா ஆசை வரும். ஆனா புல்மோட்டையில் ஒரு வீட்டு விறாந்தையில் அதை வைக்க நினைத்தா, அந்த வீடியோக்களில் பதில் கிடைக்காத ரெண்டு கேள்வி முன்னால வந்து நிக்கும். கரண்ட் போனா என்ன செய்ற? தண்ணிக்கு எங்க போற?

முதல் கேள்வி எங்கட வீட்டுக்கு 2022-ல் வந்தது. மார்ச் மாசக் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினாங்களே, அப்ப காக்காவிட்ட ஒரு தொட்டி இருந்தது. நீலக் கல், பிளாஸ்டிக் செடி, பன்னிரண்டு கோல்ட் ஃபிஷ், ஒரு மோட்டார் ஃபில்டர். எல்லாரும் வைக்கிற மாதிரித்தான் அவரும் வைத்திருந்தார். ஒரு கிழமைக்குள்ள ஒரு மீனும் மிஞ்சவில்லை. காக்கா தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை கதைக்கவும் இல்லை.

ஏன் செத்ததுன்னு விளங்கிக்கொள்றது கஷ்டமில்லை. மீனின் கழிவில் இருந்து அமோனியா வரும். அது நஞ்சு. ஃபில்டர் பஞ்சில் வாழுற பற்றீரியா அதை முதல்ல நைத்திரைற்றாக்கும், பிறகு ஆபத்துக் குறைந்த நைத்திரேற்றாக்கும். அந்தப் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் வேணும். மோட்டார் நின்றா ஃபில்டருக்குள்ள ஓட்டம் இல்லை, ஒட்சிசனும் இல்லை. எங்கட ஊர்ச் சூடு வேற. 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏழரைதான். அந்தத் தொட்டியின் உயிர் முழுக்க ஒரு பிளக் பொயின்ற்றில தொங்கிக்கொண்டிருந்தது.

செடித் தொட்டி இந்த இடத்தில்தான் வேறுபடுது. செடி அமோனியாவை நேரடியா உணவா எடுக்கும். வெளிச்சம் இருக்கும்போது ஒட்சிசன் விடும். இலை, தண்டு, மண் எல்லாத்திலயும் பற்றீரியா ஒட்டி வாழும். அமெரிக்காவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டட் 1999-ல் நீர்ச்செடித் தொட்டிகளின் சூழலியல் பற்றி எழுதின நூல் இந்த வழியைப் பரப்பியது. அடியில் சாதாரணத் தோட்ட மண், அதுக்கு மேல மணல், நெருக்கமா செடி, கொஞ்சம் மீன். சிலிண்டர் தேவையில்லை. ஒரு கவனம்: இரவில் செடியும் ஒட்சிசனைத்தான் எடுக்கும். அதனால மீன் எண்ணிக்கை குறைவா இருக்கிறதுதான் உண்மையான காப்பு.

மூடிப்போன ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்து நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி ஒன்று மலிவாக் கிடைச்சப்ப, ரெண்டாவது கேள்வியை உம்மா கேட்டா. “இது எத்தனை லீற்றர்?” விளிம்பு வரைக்கும் நிரப்பினா 255. “குடிக்க கேன் தண்ணி வாங்குற வீட்டுல, மீனுக்கு 255 லீற்றரா?”

இது தட்டிக்கழிக்கிற கேள்வி இல்லை. ஆவணி மாசம் எங்கட கிணத்தை எட்டிப் பார்த்தவங்களுக்கு அது விளங்கும். நான் கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறவன். ஈரவலயம், உலர்வலயம்னு பரீட்சையில் எத்தனையோ தரம் எழுதியிருக்கேன். அந்தக் கோடு எங்கட குசினிக்குள்ளயும் ஓடுதுன்னு உம்மா கேட்ட பிறகுதான் உறைச்சது.

கணக்குப் போட்டுக் காட்டினேன். 255 லீற்றர் ஒரு தரம்தான். பிறகு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா 50 லீற்றர் மாத்தணும். மாத்துற தண்ணியில் இருக்கிறது நைத்திரேற்றும் பொசுபேற்றும், அதாவது பசளை. அதை அப்படியே கொச்சிக்காய் கன்றுக்கும் முருங்கைக்கும் ஊத்தலாம். அந்தக் கன்றுகளுக்கு எப்படியும் கிணத்தில இருந்து அள்ளித்தான் ஊத்துறோம். கிணத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில அந்தத் தண்ணி கொஞ்ச நாள் கண்ணாடிக்குள்ள நிக்கும், அவ்வளவுதான். உம்மா ஓம்னு சொல்லல்ல. வேணாம்னும் சொல்லல்ல. வாளி எங்க இருக்குன்னு மட்டும் காட்டினா.

அடுத்தது தண்ணியின் குணம். எங்கட கேத்தலுக்குள்ள வெள்ளையாப் படியுதே, அதுதான் கல்சியம். இது வன்னீர். இலங்கைக்கே உரிய செரி பார்ப் மாதிரி மீன்கள் தெற்கு, தென்மேற்கு ஈரவலய ஓடைகளின் மென்னீரில் பிறந்தவை. அதைக் கொண்டுவந்து இந்தத் தண்ணியில் விடுறதை விட, வன்னீரை விரும்புற கப்பி, மொலி, பிளெட்டி வைக்கிறது நியாயம். வலிஸ்னேரியா என்கிற நாடா மாதிரிச் செடி, வன்னீரில் இருக்கிற பைகாபனேற்றில் இருந்தே தனக்கான காபனை எடுக்கும். எங்கட தண்ணிக்குச் செய்து வைத்த மாதிரி. கிரிப்டோகோரைன் வென்டியையும் சேருங்க. 1958-ல் பெயர் வைக்கப்பட்ட இலங்கைச் செடி அது. இன்றைக்கு உலகம் முழுக்க மீன் கடைகளில் விக்குது. வன்னீரையும் தாங்கும். நட்ட முதல் கிழமைகளில் இலை கரைஞ்சு போகும். பிடுங்கி எறியாதீங்க. வேர் உயிரோட இருந்தா திரும்ப வரும்.

ஊருக்குள்ள எல்லாரும் கேட்ட கேள்வி: “மண்ணுக்கா பஞ்சம்? கடற்கரையில அள்ளு!” இல்மனைற்று, உரூட்டைல், சேர்கன் எல்லாம் கலந்த எங்கட கறுப்பு மணலை அரச நிறுவனம் தோண்டி வெளிநாட்டுக்கு ஏத்துது. அதை வீட்டுக்கு அள்ளுறது சரியில்லைங்கிறது ஒரு பக்கம். அது தொட்டிக்கும் உதவாது. இல்மனைற்று சாதாரண மணலை விட ரொம்பப் பாரம். துகளும் நுணுக்கம். அப்படியே இறுகிப்போய் வேருக்குக் காற்றே விடாது. கடற்கரை மணலில் இருக்கிற சிப்பித் துண்டுகள் தண்ணியை இன்னும் வன்மையாக்கும். நாங்க கல் பொறுக்கின தோட்ட மண் ஒரு அங்குலம், கழுவின ஆத்துமணல் ஒன்றரை அங்குலம் போட்டோம்.

நீங்களும் வைக்கப் போறீங்கன்னா சில விஷயம். நிரப்பின பிறகு மொத்தப் பாரம் 350 கிலோ அளவுக்கு வரும். அதனால நிலத்தோட கட்டின சீமெந்து மேடையும், ரசமட்டம் வைத்துப் பார்த்த மட்டமும் கட்டாயம். ஜன்னல் வெயில் நேரே படுற இடம் வேண்டாம், பாசி பிடிக்கும். எல்.ஈ.டி. லைற் எட்டு மணித்தியாலம் போதும். முதல் நாளே செடியை நெருக்கமா நடுங்க. மீனை நாலு தொடக்கம் ஆறு கிழமைக்குப் பிறகு விடுங்க. ஆவியாகிக் குறையிற தண்ணிக்குக் கிணத்துத் தண்ணியையே ஊத்திக்கொண்டிருந்தா உப்பு சேர்ந்துகொண்டே போகும். மாரியில் ஒரு பரல் மழைத்தண்ணி பிடித்து வைத்தா அதுக்கு உதவும். இடம் இருந்தா பெரிய தொட்டியே வைங்க. 20 லீற்றரில் ஒரு மணித்தியாலத்தில் ஏறுற சூடு, 255 லீற்றரில் ஏற நேரம் எடுக்கும்.

எங்கட தொட்டியில் இப்ப ஒரு சின்ன மோட்டார் ஓடுது. கரண்ட் வெட்டினா நிக்கும். இதுவரைக்கும் அதனால ஒரு மீனும் சாகல்ல. கப்பி குட்டி போட்டது. காக்கா வேலைக்குப் போக முதல் அஞ்சு நிமிஷம் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால இருப்பார். என்ன பார்க்கிறார்னு நான் கேட்கிறதில்லை.

கடைசியா ஒன்று. செடி அடர்ந்து வளரும், வெட்டணும். வெட்டினதைக் குளத்திலயோ வாய்க்கால்லயோ போடாதீங்க. அழகுக்காகப் பல நாடுகளுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆகாயத்தாமரை இலங்கைக்கும் வந்து, பரவி, அதைத் தடுக்க 1909-லயே ஒரு கட்டளைச் சட்டம் போட வேண்டி வந்தது. சட்டம் போட்டு நூறு வருஷம் தாண்டியும் எங்கட குளங்களில் அது மிதக்குது. தொட்டி சுத்தம் பண்ணும்னு வாங்குற சக்கர் மீனும் அப்படித்தான், இன்றைக்கு நாட்டின் ஆறு குளங்களில் குடியேறிப் பெருகிக் கிடக்கு. வெட்டின செடியை ரெண்டு நாள் வெயிலில் காயப்போட்டுக் கொச்சிக்காய் பாத்தியில் புதையுங்க. மீன் கூடிப்போனா பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்க. கூடவே செடியில் ஒரு கட்டும் கொடுங்க.